பதின்வயதுப் பிள்ளைக்கு டிஸ்டோபியா நாவல்: எதை, எப்படி எடுத்துக் கொடுப்பது?

மழை பெய்து புளியந்தோப்பில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் 'டிஸ்டோபியா' என்று ஒரு ஸ்டேட்டஸ். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோதும் அதே சொல். கரண்ட் போனாலும், மார்க் குறைந்தாலும், பிடித்த டீம் தோற்றாலும் அதையேதான் போடுகிறார்கள். இன்னொரு பக்கம், பத்தாவது படிக்கிற மகள் கையில் கறுப்பு அட்டை போட்ட இங்கிலீஷ் நாவலைப் பார்த்துவிட்டு, "பசங்களே பசங்களக் கொல்ற கதையாமே, இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் அம்மாக்கள். சொல் எங்கும் கிடக்கிறது. அது எதைக் குறிக்கிறது என்பதில்தான் குழப்பம்.

வட சென்னையில், வியாசர்பாடிப் பக்கம் ஒரு மாலை நேரப் படிப்பகத்தில் எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகளோடு உட்காருகிறவள் நான். தங்கைக்கோ மாணவர்களுக்கோ ஒரு டிஸ்டோபியா நாவல் வாங்கித் தரவேண்டும் என்று விசாரிப்பவர்களுக்கு எங்கே போனாலும் அதே நாலு நாவல் தொடர்களின் பெயர்தான் கிடைக்கிறது. அந்த நாலும் மோசமில்லை. ஆனால் அந்த வகைக் கதை உள்ளுக்குள் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் பெயரை மட்டும் வாங்கிப் போனால், புத்தகம் பிள்ளையின் அலமாரியில் தூசி படியும். அதனால் முதலில் கதையின் இயக்கத்தைப் பார்த்துவிடுவோம். புத்தகங்கள் அப்புறம்.

## தண்ணி லாரி வரும் தெரு

ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். குழாயில் தண்ணீர் கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மெட்ரோ வாட்டர் லாரி வரும். திடீரென்று லாரி நின்றுபோகிறது. ஒரு வாரம் வரவில்லை. குடமெல்லாம் காய்ந்து கிடக்கிறது, அடிதடி நடக்கிறது, முடிந்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறார்கள். இப்படிப் போகும் கதைக்குப் பேரழிவுக் கதை என்று பெயர். இருந்த ஏற்பாடு உடைந்துபோனதைப் பற்றிய கதை அது.

சரி, அதே தெருவில் இப்போது லாரி நேரத்துக்கு வருகிறது. முன்பு சண்டை நடந்ததால், ஒரு பெரியவர் பொறுப்பெடுத்து டோக்கன் போடுகிறார். வீட்டுக்கு ஆறு குடம். எல்லோருக்கும் நிம்மதி. அவர்தானே அலைகிறார் என்று அவர் வீட்டுக்கு மட்டும் பத்து. வரிசையில் நின்று சத்தம் போட்டவருக்கு அடுத்த நடைக்கு டோக்கன் இல்லை. புதிதாக வாடகைக்கு வந்தவர்களுக்கு நாலு குடம்தான். கூடுதலாக வேண்டுமா, வாங்கிக்கொள்ளலாம், ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளை ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு லாரி வரும் நாட்களில் ஹோஸ் பிடிக்க வேண்டும்.

வருடங்கள் போகின்றன. தெருவில் இப்போது சண்டையே கிடையாது. நீலக் குடமும் பச்சைக் குடமும் கோடு போட்ட மாதிரி நிற்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர் பார்த்துவிட்டு, "எவ்ளோ டிசிப்ளினா இருக்கீங்க!" என்கிறார். டோக்கனுக்கு முன்னால் எப்படி இருந்தது என்று பிள்ளைகளைக் கேட்டால், "ஒரே அடிதடி. இவராலதான் நாம நல்லா இருக்கோம்" என்று ஒப்பிக்கிறார்கள். அந்தப் பழைய நாட்களை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் வரிசையில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பெண் பக்கத்திலிருப்பவரைக் கேட்கிறாள்: "அவங்க வூட்டுக்கு மட்டும் ஏன் பத்து?"

பக்கத்திலிருப்பவர் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டிஸ்டோபியா நாவலின் முதல் அத்தியாயம் ஏறக்குறைய இப்படித்தான் முடியும்.

ஆக, டிஸ்டோபியா என்றால் பார்வைக்கு ஒழுங்காக நடக்கிற, அந்த ஒழுங்குக்கு யாரோ சிலர் தாங்க முடியாத விலை கொடுக்கிற ஒரு கற்பனைச் சமூகம். எல்லாமே சரியாக அமைந்துவிட்ட கற்பனைச் சமூகத்துக்கு உடோப்பியா என்று பெயர். 1516-இல் தாமஸ் மோர் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த பெயர் அது.

இதுவரை பார்த்தது: லாரி வராவிட்டால் அது பேரழிவுக் கதை. லாரி ஒழுங்காக வந்தும் டோக்கன் ஒருவர் கையில் மாட்டிக்கொண்டால் அது டிஸ்டோபியா. சில நாவல்களில் இரண்டும் சேர்ந்தே வரும். முதலில் ஒரு பேரழிவு, அதைக் காரணம் காட்டி ஒரு சட்டம்.

## உள்ளே நடப்பது என்ன?

இந்த நாவல்களை எழுதுகிறவர்கள் எதையும் வானத்திலிருந்து இறக்குவதில்லை. நம்மைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் ஒரு வழக்கத்தை எடுத்து, இழுக்க முடிந்த மட்டும் இழுத்து, அதை நாட்டுக்கே சட்டமாக்குகிறார்கள். அப்புறம் அந்தச் சட்டத்துக்குள் ஒரு பிள்ளையை விடுகிறார்கள். அந்தச் சட்டத்தைத் தாங்கிப் பிடிப்பவை மூன்று: ஒரு பயம் அல்லது பற்றாக்குறை, அதைத் தீர்க்க வந்ததாகச் சொல்லப்படும் விதி, அந்த விதி எல்லோருக்கும் நல்லது என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதை. மூன்றாவதுதான் முக்கியம். அடி, உதை, துப்பாக்கி எல்லாம் அந்தக் கதை பலிக்காதபோது வருபவை.

எல்லோருக்கும் தெரிந்த நாவலையே எடுத்துக்கொள்கிறேன். சூசன் காலின்ஸ் எழுதி 2008-இல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்'. டிவியில் ஒரு சேனலில் ரியாலிட்டி ஷோ, இன்னொன்றில் இராக் போர்க் காட்சிகள், இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எண்ணம் உதித்தது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். இருந்த இரண்டு விஷயங்களை இழுத்து ஒன்றாகக் கட்டியதுதான் அந்தக் கதை. கேபிடல் என்ற தலைநகரம், அதற்கு அடங்கிய பன்னிரண்டு மாவட்டங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாவட்டத்திலும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையன், ஒரு பெண் எனக் குலுக்கலில் பெயர் எடுப்பார்கள். அந்த 24 பேரும் மைதானத்தில் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். அது நாடு முழுக்க டிவியில் ஓடும்.

படம் பார்த்தவர்களுக்கு இவ்வளவும் தெரியும். ஆனால் நாவலின் உயிர்நாடி அந்த மைதானத்தில் இல்லை, முதல் அத்தியாயத்தில் வரும் ஒரு கணக்கில் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் உன் பெயர் ஒரு சீட்டில் ஏறும். பதிமூன்றில் இரண்டு. வருடத்துக்கு ஒன்று கூடும். வீட்டில் பசியா? ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் அரசு தரும். பதிலுக்கு உன் பெயரை இன்னொரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பங்கு வாங்கலாம், அத்தனை சீட்டு கூடும். போன வருடத்துச் சீட்டு கழியாது, சேர்ந்துகொண்டே போகும். நாயகி காட்னிஸ் தனக்கும் அம்மாவுக்கும் தங்கைக்கும் வாங்குகிறாள். பதினாறு வயதில் அவள் பெயர் குலுக்கலில் 20 முறை இருக்கிறது. அவளுடைய நண்பன் கேல் வீட்டில் ஆட்கள் அதிகம், வயதும் பதினெட்டு. அவன் பெயர் 42 முறை.

இந்த இடத்தை நான் வாசித்துக் காட்டியபோது ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் நோட்டின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தாள். வருடத்துக்கு நாலு, ஐந்து வருடம், இருபது. சரியாக வந்தது. "அக்கா, அப்ப ரேஷன் வாங்காத வூட்டுப் பொண்ணுக்கு அஞ்சுதான?" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு நாவல் புரிந்துவிட்டது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம், குலுக்கல்தானே, யாரையும் யாரும் குறிவைக்கவில்லை, ரேஷன் வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் பசிக்கிற வீட்டின் பெயர்தான் அதிகம் வரும். அதைவிட மோசமான வேலை ஒன்றையும் இந்த விதி செய்கிறது. மேயர் மகளின் நல்ல உடையைப் பார்த்ததும் கேல் அவள்மேல் எரிந்து விழுகிறான். கேபிடல் மீது வரவேண்டிய கோபம் பக்கத்து வீட்டுப் பெண் மீது போகிறது. அந்த விதி எதற்காக இருக்கிறது என்பதற்கு அதுவே விடை.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பாருங்கள். லோயிஸ் லோரி 1993-இல் எழுதிய 'தி கிவர்' நாவலில் பசியே கிடையாது. தெருக்கள் சுத்தம், சண்டை இல்லை, வலி வந்தால் உடனே மருந்து. பன்னிரண்டு வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன வேலை என்று பெரியவர்கள் குழு அறிவித்துவிடும். பழைய காலத்து நினைவுகள் முழுவதையும் ஒரே ஒரு மனிதர் சுமக்கிறார், மற்றவர்கள் நிம்மதியாக இருக்க. ஜோனாஸ் என்ற பையன் நண்பனோடு ஒரு ஆப்பிளைத் தூக்கிப்போட்டு விளையாடும்போது, அந்தரத்தில் அது ஒரு கணம் 'மாறுகிறது'. என்ன மாறியது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நமக்கும் தெரியாது. பல பக்கங்கள் கழித்துத்தான் அந்த ஊரில் யாருக்கும் நிறமே தெரியாது என்பது விளங்கும். அந்த இடத்துக்கு வந்த பிள்ளைகள் முதல் பக்கத்திலிருந்து புரட்டி, எங்காவது ஒரு நிறத்தின் பெயர் வந்திருக்கிறதா என்று தேடுவார்கள். இந்தத் தேடலுக்காகவே அந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம்.

இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். ஒரு பயம், ஒரு விதி, விதியை நல்லதென்று சொல்லும் ஒரு கதை. ஒன்றில் வறுமை இருக்கிறது, மற்றதில் வசதி இருக்கிறது. அதனால் இடிந்த கட்டிடமும் புகையும் இருந்தால்தான் டிஸ்டோபியா என்று நினைக்க வேண்டியதில்லை.

## எங்க ஏரியாவா டிஸ்டோபியா?

இதைச் சொல்லாமல் போக முடியாது. கொடுங்கையூர் குப்பைமேட்டையோ மணலிப் புகைக்கூண்டையோ போட்டோ எடுத்துப் போட்டு அந்தச் சொல்லைத் தலைப்பாக வைப்பவர்கள் அநேகமாக வட சென்னைக்கு வெளியே, பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது கடுப்பேற்றுகிறது. வட சென்னை என்றால் சினிமாவில் கத்தி, இங்கே டிஸ்டோபியா. கேரம் போர்டும் கால்பந்தும் மாலை டியூஷனும் யார் கண்ணிலும் படுவதில்லை.

கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்தப் பயன்பாடு தவறு. ஏழ்மை டிஸ்டோபியா ஆகாது, குப்பையும் ஆகாது. குப்பை ஏன் குறிப்பிட்ட ஒரு இடத்துக்கே வருகிறது, அதை முடிவுசெய்வது யார், அதைச் சரியென்று எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தால், அங்கே இந்த நாவல்களுக்கு வேலை இருக்கிறது. இடத்தைத் திட்டுவதற்கு அந்தச் சொல் வேண்டாம்.

## யாருக்கு நல்ல உலகம்?

ஒரு சின்னக் கதை இந்த விஷயத்துக்கு மிகவும் உதவும். ரொக்கையா சகாவத் உசேன் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. 1905-இல் இதே மெட்ராஸிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' பத்திரிகையில் ஆங்கிலத்தில் வந்தது. அந்தக் கதையின் நாட்டில் பெண்கள் ஆள்கிறார்கள். சூரிய வெப்பத்தால் சமைக்கிறார்கள், வானத்தில் வண்டி ஓட்டுகிறார்கள், போர் இல்லை, குற்றம் இல்லை. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டு அடுக்களை வேலை பார்க்கிறார்கள்.

எழுதியவருக்கு அது உடோப்பியா. படிப்பகத்தில் இதைச் சொன்னால் பெண் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கைதட்டுவார்கள். பையன்கள், "அது எப்படிக்கா நல்ல நாடு?" என்று எகிறுவார்கள். எகிறட்டும். வெளியே போக அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு அது டிஸ்டோபியா என்பதை இதைவிடச் சீக்கிரம் விளக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. பத்துப் பதினைந்து பக்கம்தான், ஒரே மாலையில் முடித்துவிடலாம். டிஸ்டோபியா என்றாலே மிரளும் பிள்ளைக்கு நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

## பதின்வயதுக்கென்று தனியாக ஏன்?

இளையோர் நாவல் என்றால் சுமார் 12 முதல் 18 வயது வரையிலான வாசகர்களை மனதில் வைத்து எழுதப்படுவது. கதையைச் சொல்வது பெரும்பாலும் அதே வயதுப் பிள்ளை. அத்தியாயங்கள் சின்னவை, ஒவ்வொன்றும் அடுத்ததைத் திறக்கவைக்கும் இடத்தில் முடியும். பெரியவர்களுக்கான டிஸ்டோபியாவுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் முடிவில் இருக்கிறது. 1949-இல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' நாயகனை முழுக்க உடைத்துவிட்டுத்தான் முடிகிறது. இளையோர் நாவல் அப்படிச் செய்வது அபூர்வம். இழப்பு இருக்கும், ஆனால் ஏதோ ஒரு கதவு சாத்தப்படாமல் இருக்கும்.

அப்புறம், சட்டம் என்ற ஒன்று தன்மேல் இறங்குவதை ஒரு பிள்ளை முதன்முதலாக உணரும் வயது இது. வெரோனிகா ராத் எழுதிய 'டைவர்ஜென்ட்' 2011-இல் வந்தது. பதினாறு வயதில் ஒரு தேர்வு, அப்புறம் ஐந்து பிரிவுகளில் ஒன்றை எடுத்தாக வேண்டும், எடுத்தால் வாழ்நாள் முழுக்க அதுதான். பெரியவர்கள் இதைப் படித்துவிட்டு, இப்படி ஒரு நாடு இருக்குமா, லாஜிக் இடிக்கிறதே என்பார்கள். எனக்கும் அது ஆழமான நாவலாகப் படவில்லை. ஆனால் பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் அதைப் படிக்கும் பிள்ளைக்கு எந்த லாஜிக்கும் இடிக்காது. பயோ மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸா, மார்க் இல்லையென்றால் தொழிற்பிரிவா என்று ஆபீஸ் ரூம் வாசலில் நின்றுவிட்டு வந்த பிள்ளை அது.

## பயந்துவிடுவார்களா?

அம்மாக்களின் கேள்வி நியாயமானது. சும்மா, "எல்லாம் கதைதானேம்மா" என்று தள்ளிவிடக் கூடாது. இந்த நாவல்களில் சாவு இருக்கிறது. ஹங்கர் கேம்ஸில் பன்னிரண்டு வயதுப் பெண் சாகிறாள். தி கிவர் வெளிப்பார்வைக்கு மென்மையான புத்தகம், அதில் கைக்குழந்தை சம்பந்தப்பட்ட ஒரு காட்சி ஹங்கர் கேம்ஸ் முழுவதையும்விட அதிகமாக உலுக்கும். எனவே அட்டையையும் வயதுக் குறிப்பையும் நம்பாமல், கொடுப்பவர் முதலில் படித்திருக்க வேண்டும். இது என்னுடைய கறாரான கருத்து. நேரமில்லையென்றால் அந்தப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், படித்த வேறொன்றைக் கொடுங்கள்.

வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால், வீட்டை இடித்துக் குடும்பத்தை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால், இந்த வகையைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாம். அல்லது பிள்ளையிடமே, "இதுல ஒரு சாவு வரும், இப்ப படிக்கிறியா, அப்புறமாவா?" என்று கேட்டுவிடலாம். அவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மற்றபடி, கொலை இருப்பதால் பிள்ளை முரடாகிவிடும் என்ற பயம் எனக்கில்லை. இந்த நாவல்களில் கொலையை ரசித்துப் பார்க்கும் கூட்டம்தான் வில்லன். நல்ல நாவலாக இருந்தால், நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவரா என்ற உறுத்தல் படிக்கிறவருக்கு வரும்.

சுருக்கமாக: இளையோர் டிஸ்டோபியாவில் இருட்டு உண்டு, வெளியேறும் வழியும் உண்டு. முன்கூட்டியே எச்சரிப்பது கொடுப்பவரின் வேலை.

## புத்தகத்தைவிட முதலில் கேள்வி

இங்கேதான் பெரும்பாலான பரிந்துரைகள் சறுக்குகின்றன. "இது ஹிட், படி" என்று கொடுப்பார்கள். நான் வேறு மாதிரிச் செய்கிறேன். பிள்ளையிடம் புத்தகம் பற்றியே பேசுவதில்லை. "ஸ்கூல்லயோ வூட்லயோ தெருவுலயோ எந்த ரூல் உனக்குப் பிடிக்கல?" என்று கேட்பேன். பதில் வராமல் இருந்ததே இல்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். அவர்கள் சொல்லும் விதியை யாராவது ஒரு எழுத்தாளர் இழுத்து நாவலாக்கியிருக்கிறாரா என்று யோசித்தால் போதும்.

ஒரு பெண் சொன்னாள், கலர் கம்மி என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்களாம், கிரீம் வாங்கி வைத்திருக்கிறார்களாம். ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் 2005-இல் எழுதிய 'அக்லீஸ்' அவளுக்குச் சரி. பதினாறு வயதானால் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை செய்து அழகாக்கிவிடும் ஊர் அது. அதுவரை எல்லோரும் அசிங்கமானவர்கள் என்பது அரசின் வரையறை. நாயகிக்கும் முதலில் அந்த அழகு வேண்டும் என்பதுதான் இதில் நல்ல விஷயம். ஆரம்பத்திலேயே புரட்சி பேசும் நாயகியை அந்தப் பெண் நம்பியிருக்க மாட்டாள்.

கிளாஸில் கேமரா வைத்தது பிடிக்கவில்லை, போனை வாங்கிப் பார்க்கிறார்கள் என்று புகார் சொல்லும் பையன்களுக்கு கோரி டாக்டரோ எழுதிய 'லிட்டில் பிரதர்', 2008. அதில் பள்ளிக் கேமரா நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும். நாயகன் ஷூவுக்குள் ஜல்லியைப் போட்டுக்கொண்டு நடையை மாற்றுகிறான். கம்ப்யூட்டர் பிடித்த பையன்கள் இந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்கள். எழுத்தாளரே தன் தளத்தில் இலவசமாகத் தருகிறார் என்பது இன்னொரு வசதி. விசாரணை என்ற பெயரில் நடக்கும் சித்திரவதைக் காட்சிகள் இருப்பதால் பதினொன்றாம் வகுப்புக்குக் கீழே நான் கொடுப்பதில்லை.

காசிமேடு, எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, அப்பாவோடு படகிலோ பழைய இரும்புக் கடையிலோ வேலை பார்த்த பையன்களுக்கு, பாவ்லோ பாசிகலூபி 2010-இல் எழுதிய 'ஷிப் பிரேக்கர்'. கரையில் கிடக்கும் பழைய எண்ணெய்க் கப்பலின் குழாய்களுக்குள் ஊர்ந்துபோய்ச் செம்புக் கம்பி உரிக்கும் பையனின் கதை. அவனுடைய பெரிய கவலை, வளர்ந்துவிட்டால் குழாய்க்குள் நுழைய முடியாது, வேலை போய்விடும் என்பது. உடம்பு வளர்வதே ஆபத்து என்று ஆகிவிட்ட ஒரு வேலையை அது ஆரம்பத்திலேயே கண்முன் நிறுத்திவிடுகிறது. கப்பலும் கடலும் தெரிந்த பிள்ளைக்கு எதையும் விளக்க வேண்டியிருக்காது.

அப்புறம் சாதி. இங்கே அதைச் சுற்றிவளைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை, பிள்ளைகளே நேராகக் கேட்கிறார்கள். மலோரி பிளாக்மேன் 2001-இல் எழுதிய 'நாட்ஸ் அண்ட் கிராசஸ்' நாவலில் கறுப்பு நிறத்தவர்கள் ஆள்கிறார்கள், வெள்ளை நிறத்தவர்கள் கீழே இருக்கிறார்கள். நல்ல பள்ளியில் முதன்முறையாகச் சில வெள்ளைப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், வாசலில் கூட்டம் கூடி எதிர்க்கிறது. அந்தக் கலவரத்தைவிட எனக்குப் பிடித்தது ஒரு சின்ன இடம். அடிபட்ட ஒரு வெள்ளைப் பெண்ணின் நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. அடர் பழுப்பு நிறம், அவளுடைய வெளுத்த தோலில் பளிச்சென்று தெரிகிறது. ஏனென்றால் அந்த நாட்டுக் கடைகளில் அந்த நிறத்தில்தான் பிளாஸ்டர் கிடைக்கும். யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை, ஒரு பிளாஸ்டர்தான். இதைப் படித்த பிறகு பிள்ளைகள் தங்கள் பள்ளியிலும் தெருவிலும் இப்படிப்பட்ட 'பிளாஸ்டர்'களைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பிற்பகுதி கனமானது, வன்முறையும் காதலும் உண்டு, முடிவு ஆற்றாமையில் தள்ளும். பதினைந்து, பதினாறு வயதுக்கு மேல் கொடுங்கள்.

## இங்கிலீஷ் வரலையே அக்கா

இதுவரை சொன்னதெல்லாம் ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளையிடம் ஐந்நூறு பக்க ஆங்கில நாவலை நீட்டுவது கொடுமை. தமிழிலேயே தொடங்கலாம், அதற்குச் சரக்கு இருக்கிறது.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021 வாக்கில். ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் இந்தியா. பெயர் இரண்டெழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது, பிள்ளை பெற அனுமதி வாங்க வேண்டும், வயதானவர்களை உயிரோடு விட்டுவைப்பதில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வருடம் கடந்துபோய்விட்டது என்பதே வேடிக்கை. எதெல்லாம் நடந்தது, எதெல்லாம் நடக்கவில்லை என்று அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். ஜீனோ என்ற இயந்திர நாய் அடிக்கும் நக்கல் பாதிப் புத்தகத்தைச் சுலபமாக நகர்த்திவிடும். இளையோருக்கென்று எழுதப்படாவிட்டாலும், மேலே சொன்ன மூன்றும், பயம், விதி, நல்லதென்று சொல்லும் கதை, இதில் அப்படியே இருக்கின்றன. டிஸ்டோபியா என்பது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

பெருமாள்முருகனின் 'பூனாச்சி' ஒரு வெள்ளாட்டுக்குட்டியின் கதை. அதில் பிறந்த குட்டிக்கெல்லாம் காது குத்தி அடையாளம் போட வேண்டும், அதற்காக வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும், வரிசையில் நிற்பவர்கள் அரசைப் பற்றி என்ன பேசுகிறோம் என்று பயந்து பயந்து பேசுவார்கள். ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யை எழுத்தாளர் க.நா.சு. (க.நா.சுப்ரமண்யம்) தமிழில் தந்திருக்கிறார். இரண்டும் சின்னப் புத்தகங்கள், ஒன்பதாவது பிள்ளைக்கே போதும்.

ஆங்கிலத்தில் இறங்கத் தயாரானவர்களுக்கு தி கிவர் முதல் படி. மொத்தம் 23 சின்ன அத்தியாயங்கள், வாக்கியங்கள் நேரானவை. முதல் இரண்டு அத்தியாயங்களைச் சத்தமாக வாசித்து, நடுநடுவே தமிழில் சொல்லிவிட்டால், அப்புறம் தாங்களே ஓட்டிக்கொள்வார்கள். ஹங்கர் கேம்ஸ் படத்தை முதலில் பார்த்துவிட்டுப் படிப்பதில் தவறில்லை. கதை தெரிந்திருப்பது மொழியின் பாரத்தைக் குறைக்கிறது. தூய்மைவாதிகள் கோபித்துக்கொள்ளட்டும்.

## எங்கே கிடைக்கும், எப்போது நிறுத்துவது

நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரி சேர்ந்துதான் வசூலாகிறது. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. எனவே கிளை நூலகத்தில் போய்ப் புத்தகம் கேட்பது உதவி கேட்பது இல்லை. சுஜாதாவும் பெருமாள்முருகனும் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆங்கில நாவல்களுக்கு, நாம் இன்னும் மூர் மார்க்கெட் என்றே சொல்லும் சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளைத் துழாவலாம். தொடரின் இரண்டாம் பாகம் மட்டும் மலிவாகக் கிடைக்கும், ஆசைப்பட்டு வாங்காதீர்கள். மூன்று பாகத்தையும் ஒரேயடியாகக் கையில் திணிக்கவும் வேண்டாம். முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளை எதையும் இழந்துவிடவில்லை. தொடர்களில் பாதிக்கு மேல் முதல் பாகம்தான் உருப்படி.

நாற்பது பக்கத்தில் மூடிவைத்தால் காரணம் கேளுங்கள். "போர்" என்றால் புத்தகத்தை மாற்றுங்கள். "புரியல" என்றால் கூட உட்கார்ந்து பத்துப் பக்கம் வாசியுங்கள். "ஒரு மாதிரி இருக்கு" என்றால் விட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்து அதே புத்தகத்தைக் கண்ணில் படும்படி வையுங்கள். முழுக்கப் படித்துவிட்டு வந்தால் கதைச்சுருக்கம் கேட்காதீர்கள், அது பரீட்சை. அந்த ஊரில் யார்மேல் அதிகக் கோபம் வந்தது என்று மட்டும் கேளுங்கள். வில்லனின் பெயரைச் சொன்னால், இன்னும் சாகசம் உள்ள ஒன்றை எடுத்துக் கொடுக்கலாம். எல்லாம் தெரிந்தும் சும்மா இருந்த ஒரு டீச்சரின் பெயரையோ ஒரு அப்பாவின் பெயரையோ சொன்னால், '1984'-ஐ எடுத்து மேசையில் வைத்துவிடலாம். அதையும் க.நா.சு. தமிழாக்கியிருக்கிறார்.